விளக்கு அணைந்தால் ஒதுங்கவும்

ஜூலை 2

அக்கா,

நேற்று கூட்டத்தில் நான் சொல்லாதது இதுதான்: "சார், இந்தச் சூடு இத்தனை வருஷமா பெட்டிக்குள்ள சும்மாதான் இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நாக்கு நுனி வரை வந்தது. மேலாளர் மேசையைச் சுற்றிப் பார்த்து, "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது என்னைப் பாராட்டுவதற்காகக் கூடிய கூட்டம். நானும் சிரித்து, "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

நீ என் போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் நடுவில் புகுந்து பேசுவேன், எழுதினால்தான் ஒருவரை ஒருவர் முழுசாகப் பேச விடுவோம் என்று நீதான் ஒரு முறை சொன்னாய். அதனால் எழுதுகிறேன். சண்டைக்கும் இல்லை, சமாதானத்துக்கும் இல்லை. உன் குகைக்கு வரப்போகும் பெட்டிகளைப் பற்றி.

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ரயில் குகையின் சுவரில் நீங்கள் ஒதுங்கும் ஒவ்வொரு பொந்துக்கும் மேலே ஒரு பச்சை விளக்கு. அது எரிந்தால் குகைக்குள் ரயில் இல்லை. ரயில் நுழைந்ததும் அணையும். அணைந்தால் நீயும் உன் ஆட்களும் பொந்துக்குள் போய்விட வேண்டும். விளக்குக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் இருப்பதுதான் நான் வடிவமைப்பது. குகை வாயிலில் சூரியத் தகட்டால் நிரம்பும் பேட்டரியிலிருந்து நீளமான கம்பி வழியாக வரும் மின் அழுத்தத்தை, விளக்குக்கு வேண்டிய அளவுக்கு இறக்கித் தரும் மாற்றி அது.

பழைய மாற்றி நூறு பங்கு மின்சாரம் வாங்கினால் எழுபத்தெட்டு கொடுக்கும். மீதியைச் சூடாக்கி வீணாக்கும். நான் அதில் மின்சாரத்தை ஒரே பக்கமாக விடும் டயோடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சுவிட்சை வைத்தேன். ஒரு சுவிட்ச் அணைந்து அடுத்தது விழிக்கும் வரை வீணாகும் சின்ன இடைவெளியைக் குறுக்கினேன். விளக்கைத் தவிர வேறு வேலை இல்லாத நேரத்தில் மாற்றி அரைத்தூக்கம் போடும்படி செய்தேன். இப்போது தொண்ணூற்று நான்கு கொடுக்கிறது. வெயில் இல்லாத நாட்களிலும் பேட்டரி தாக்குப்பிடிக்கும். நல்ல வேலை என்று எனக்கே தெரியும்.

ஆனால் கூட்டத்துக்கு முன், ஏதோ குகையிலிருந்து கழற்றி வந்த ஒரு பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே முழுக்கத் துரு. மூடியின் ரப்பர் பட்டை தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் நுழைய வழி தாராளமாக இருந்தது. உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகை மட்டும் நேற்று செய்ததைப்போல் காய்ந்து சுத்தமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர், "அந்தக் காலத்துப் பெட்டின்னா பெட்டிதான்" என்று அதைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. பலகையைக் காத்தது பெட்டி இல்லை, வீணான அந்தச் சூடு.

தோன்றியது, அவ்வளவுதான். அளக்கவில்லை. எண் இல்லாமல் வாயைத் திறப்பவர்களுக்கு எங்கள் மேசையில் மரியாதை கிடையாது.

ஒரு உதவி செய். பழைய பெட்டியைத் தொட்டுப் பார். புதியது வந்ததும் அதையும் தொட்டுப் பார். எழுது.

தங்கை


ஜூலை 11

அடியே குண்டூசி,

சொல்லாததை எல்லாம் விலாவாரியா எழுதியிருக்க. சொன்னதுக்கு ஒரு வரி எழுதியிருப்பன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்தேன். காணோம். போன தடவை வந்தப்ப என் ஆளுங்க அத்தனை பேர் முன்னாடி, "உனக்கு இருக்கிற மூளைக்கு எலி மாதிரி பொந்துக்குள்ள ஓடி ஒளியிற வேலையா"ன்ன. நீ மறந்திருப்ப. அவங்க மறக்கல. ரேடியோ இன்னைக்கும் பொந்துக்குள்ள நுழையிறப்ப எல்லாம் "கீச் கீச்"ங்கிறான். ரேடியோவைத் தெரியும்ல? உன் பெட்டி படுக்கையைத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வாயை மூடாம வந்தானே, அவன்தான்.

சரி, கேட்டதுக்குப் பதில். பழைய பெட்டி சுடும். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேணாம். நாங்க அது மேலதான் கையுறை காயப்போடுவோம். ரேடியோ சாப்பாட்டு டப்பாவை அது மேலதான் வைப்பான். பல்லிங்க குடும்பத்தோட குடியிருக்கும்.

புதுசு போன வாரமே வந்து எல்லாப் பொந்துலயும் மாட்டிட்டுப் போயிட்டாங்க. நீ சொன்னன்னு தொட்டேன். தவளை வயிறு மாதிரி ஜில்லுனு இருக்கு. மூடி ஓரத்துல முத்து முத்தா வேர்த்திருக்கு. பல்லி ஒண்ணைக்கூடக் காணோம்.

நல்லதா கெட்டதா? "மேஸ்திரியம்மா, கையுறை காயல, உங்க தங்கச்சிய வந்து ஊதிவிடச் சொல்லுங்க"ங்கிறான் ரேடியோ.

மாமா உன்னைக் கேட்டாரு. நான் கேக்கல.

அக்கா


ஜூலை 20

அக்கா,

எலி என்று சொன்னதை மறக்கவில்லை. அன்று உன்னோடு குகைக்குள் நடந்தபோது பயந்துவிட்டேன். புகையை வெளியே தள்ளும் காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. விளக்கு அணைந்தது. நீ என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாய். ரயில் போன பிறகு, பயந்துவிட்டேன் என்று சொல்வதைவிடக் கேலி செய்வது சுலபமாக வந்தது. என்னை மன்னித்துவிடு. ரேடியோவிடமும் சொல்.

நீ எழுதியது நல்லதில்லை. மூடி ஓரத்தில் வேர்த்திருந்தால் உள்ளேயும் வேர்க்கும். பலகையில் உள்ள கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு துளி உட்கார்ந்தால் மாற்றி குழம்பிப்போய் நின்றுவிடும். துளி காய்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் ஓடும். ஏன் இதைச் சோதிக்கவில்லை என்று கேட்பாய். எங்களுக்குச் சூட்டைக் கண்டால்தான் பயம். புதிய மாற்றியை அடுப்பில் வைத்துப் பார்த்தோம், வாரக்கணக்கில். ஈரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பழையது ஈரத்தில் கெட்டதாக ஒரு பேச்சும் இல்லை, அதனால்தான்.

ஒரு ஆறுதல். பெட்டி செத்தால் விளக்கு அணையும். அணைந்தால் நீங்கள் ஒதுங்குவீர்கள். கெட்டுப்போனாலும் ஆளைக் காக்கும் பக்கமே கெடும்படிதான் இந்த ஏற்பாடு. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 14

குண்டூசி,

உன் வாய் முகூர்த்தம். ஆரம்பிச்சுடுச்சு.

முதல்ல நாலாவது பொந்து விளக்கு. பட்டுனு அணைஞ்சுது. எல்லாரும் கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடி உள்ள புகுந்தோம். நிக்கிறோம், நிக்கிறோம், ரயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒரு ஆளை வாயில் வரைக்கும் அனுப்பி ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொன்னேன். "குகை காலிதான், என்னம்மா விளையாடுறீங்க"ன்னாங்களாம். அவன் திரும்பி வர்றதுக்குள்ள விளக்கு தானா எரியுது. அப்புறம் ஆறாவது. அப்புறம் ஒன்பதாவது. மழை பேஞ்ச மறுநாள் ரொம்ப மோசம்.

முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் ஓடினோம். ரெண்டாவது வாரம் நடந்து போனோம். ரேடியோ ஒரு பட்டப்பேரு வெச்சுட்டான், "சர்க்கரை வியாதி விளக்கு"ன்னு. "ஏன்டா?"ன்னேன். "பின்ன, அடிக்கடி எழுந்து போயிட்டு வருதே மேஸ்திரியம்மா"ங்கிறான். எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நேத்து நாலாவது அணைஞ்சப்ப பாதி பேர் தலையைக்கூடத் தூக்கல. டிரில்லைப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் கத்தினேன். கத்தினதும் வந்தாங்க, கல்யாண வீட்டுக்குக் கிளம்பற மாதிரி.

ரெண்டு பெட்டியைக் கழட்டி உங்க ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம். சரி பண்ணி அனுப்பு. மன்னிப்பு வந்து சேந்துது. ரேடியோகிட்ட சொன்னேன். "பொழைச்சுப் போகட்டும்"ன்னு பெருந்தன்மையா சொல்லிட்டான்.

அக்கா


ஆகஸ்ட் 24

அக்கா,

என்ன குறைகிறது என்று உன் கடிதத்தைப் படித்ததும் பிடிபட்டது. பெட்டி கெட்டால் விளக்கு அணையும், சரி. அணையும் விளக்கை நம்புகிற ஆள் வேண்டும். அதை எங்கள் கணக்கில் யாரும் எழுதவில்லை.

நீ அனுப்பிய இரண்டு பெட்டிகளும் வந்தன. லாரியில் வெயிலில் வந்ததால் காய்ந்துபோய் வந்தன. மேசையில் வைத்து ஓட்டினார்கள். மூன்று நாள் இமைக்காமல் எரிந்தன. "குறை ஏதும் இல்லை" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பத் தயாராக வைத்துவிட்டார்கள்.

அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தேன். குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் பிடித்து ஆவி நிறைந்ததும் பெட்டியை உள்ளே வைத்து, பேட்டரியோடும் ஒரு பச்சை விளக்கோடும் இணைத்து, கதவைச் சாத்தினேன். கதவின் மேல் கண்ணாடி வழியாகப் பச்சை வெளிச்சம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. கதவைத் திறந்து பிரித்துப் பார்த்தேன். பலகை முழுக்கப் பனி.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. என்னை வேலைக்கு எடுத்தவர். முழுவதும் கேட்டார்.

"உன் குளியலறைச் சோதனைக்கு எந்தத் தரநிலையில எண் இருக்கு?" என்றார்.

"சார், சிரிக்கிற விஷயம் இல்ல."

"நானும் சிரிக்கலம்மா. விளக்கு அணைஞ்சா என்ன ஆகும்?"

"ஒதுங்குவாங்க."

"ஒதுங்கினா?"

"பாதுகாப்பு."

"அப்புறம் என்ன? தொல்லைதான், ஆபத்து இல்ல. அடுத்த தடவை செய்யறப்ப பலகைக்கு மெழுகு பூசிடலாம். இப்ப போய்க் குறைன்னு எழுதினா, அனுப்பின அத்தனையும் திரும்பி வரும். யோசிச்சுப் பேசு."

யோசித்தேன். பேசவில்லை.

உன்னிடம் மட்டும் கேட்கிறேன். விளக்கு அணைந்தால் உள்ளே போ. நூறு தடவை பொய்யாக அணைந்தாலும் போ. எல்லோரையும் போக வை.

தங்கை


செப்டம்பர் 4

தங்கச்சி,

போக வெச்சேன். என்ன நடந்துச்சுன்னு கேளு.

அணைஞ்சா உள்ள. திரும்ப எரிஞ்சாலும், வாயில்ல நிக்கிற ஆள் போன் பண்ணிக் கேக்காம ஒருத்தனும் வெளிய வரக்கூடாது. அப்படின்னுட்டேன். ஒரு தண்டவாளத் துண்டு மாத்தறதுக்கு ஒரு நாள் முழுக்க ஆகுது. ஆளுங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறாங்க. "மேஸ்திரியம்மாவுக்கு வயசாயிடுச்சு, நிழல்ல உக்காரணும்"னு என் காதுபடவே பேச்சு. ரேடியோ மட்டும் முன்னால போய் உள்ள உக்காந்துக்கிட்டு, "வாங்கய்யா, அரசாங்கச் செலவுல ஓய்வு"ன்னு கூப்பிடுவான். அவனுக்காகத்தான் பாதி பேர் வர்றாங்க.

பெரிய அதிகாரி வந்தாரு. "என்னம்மா, உங்க குகையில மட்டும் வேலை நகரவே மாட்டேங்குது?"

"விளக்கு சரியில்ல சார்."

"கம்பெனி பாத்துட்டுக் குறை இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கே."

நான் என்னன்னு சொல்ல? என் தங்கச்சி குளியலறையில வெச்சுப் பாத்தாளாம்னு சொல்லவா?

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்த மேலாளர்கிட்ட நீ எப்படிப் பேசியிருப்பன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே தெரியும். கையைப் பிசைஞ்சுக்கிட்டு, "சார், ஒரு சின்ன சந்தேகம்"னு ஆரம்பிச்சிருப்ப. அவரு ரெண்டு வார்த்தை பேசினதும் "சரி சார்"னு வந்திருப்ப. அப்புறம் ரூமுக்கு வந்து எனக்கு எட்டுப் பக்கம். எழுத்து என்னவோ முத்து முத்தா, அழகாத்தான் இருக்கு. ஆனா நீ உன் பயத்தை எல்லாம் தபால்ல எனக்கு அனுப்பிட்டு இலேசாயிடுற. நான் அதைத் தலையில தூக்கிக்கிட்டுக் குகைக்குள்ள போறேன். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லுடி.

அக்கா


செப்டம்பர் 12

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். பிறகு மேலாளரைத் தாண்டி, ரயில் பாதுகாப்பு அலுவலகத்துக்கே எழுதினேன். இந்த முறை சின்ன சந்தேகம் என்று ஆரம்பிக்கவில்லை. "நான் வடிவமைத்த மாற்றி ஈரத்தில் நின்றுவிடுகிறது; ஆட்கள் விளக்கை நம்புவதை நிறுத்திவிட்டார்கள்; ஆள் சாவதற்கு முன் கழற்றுங்கள்" என்று முதல் வரியிலேயே எழுதினேன். பனி படிந்த பலகையின் படத்தை இணைத்தேன். கீழே என் பெயரைப் போட்டேன்.

மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "என்கிட்ட இன்னொரு தடவை வந்திருக்கலாமே" என்றார். என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், விசாரணை முடியும் வரை. வாசலில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. தங்கள் கடிதம் கிடைத்தது, அடுத்த மாதக் குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று. அடுத்த மாதம், அக்கா. அதுவரை மழை இருக்கும். நேரில் போனேன். வரவேற்பறையில் உட்காரவைத்தார்கள், நாற்காலி மட்டும் நன்றாக இருந்தது. திரும்பவும் நாளைக்குப் போகிறேன்.

நீ சொன்னது சரி. உனக்கு எழுதி முடித்ததும் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இனி அப்படி இல்லை.

நீ அங்கே இருக்கும் வரை உன் ஆட்கள் ஒதுங்குவார்கள். அந்த ஒரு நம்பிக்கையில் இருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் விட்டுவிடாதே.

தங்கை


செப்டம்பர் 13

தங்கச்சி,

நீ ஏதாவது எழுதியிருந்தா அது வழியில இருக்கும். அதுக்குள்ள இதைச் சொல்லிடறேன்.

என்னைக் குகையிலேர்ந்து எடுத்துட்டாங்க. வேலை மெதுவா நடக்குதாம். இன்னைலேர்ந்து நான் ஸ்டோர்ல. பெரிய ரூம், ஜன்னல் இருக்கு, மின்விசிறி இருக்கு. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். எலிக்குப் பதவி உயர்வு.

புது மேஸ்திரி சின்னப் பையன்தான், சுறுசுறுப்பு. அவருகிட்ட விளக்கைப் பத்தி எல்லாம் சொன்னேன், நீ சொன்ன மாதிரியே, துளி, பலகை எல்லாம். மரியாதையா தலையாட்டிட்டு, "அக்கா, ஆபீஸ்ல என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், வேலையை முடின்னு"ன்னாரு. நீ இருந்திருந்தா உனக்கும் அவரு மேல கோவம் வந்திருக்காது.

ரேடியோ சாயங்காலம் ஸ்டோர் வாசல்ல வந்து நின்னான். முதல் தடவையா பேச்சு வரல அவனுக்கு. அப்புறம், "நீங்க கத்தாம எப்படி உள்ள போறது மேஸ்திரியம்மா, காலு நகராதே"ன்னான். "நான் கத்தற மாதிரி நினைச்சுக்கிட்டுப் போடா"ன்னேன்.

அக்கா


செப்டம்பர் 29

தங்கச்சி,

செய்தியில பாத்திருப்ப. அதுல தப்புத் தப்பா சொல்றாங்க. நான் சொல்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையில ஆறாவது பொந்துகிட்ட வேலை. முந்தின நாள் மழை. விளக்கு நாலு தடவை சும்மா அணைஞ்சிருக்கு. அஞ்சாவது தடவை அணைஞ்சப்ப புது மேஸ்திரி நிமிந்து பாத்திருக்காரு. பாத்துட்டு, "முடிங்க, முடிங்க"ன்னிருக்காரு. காத்தாடி ஓடுது, டிரில்லு ஓடுது.

ரேடியோ ரெண்டு பேரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உள்ள விட்டிருக்கான். அவங்கதான் எனக்கு இதையெல்லாம் சொன்னாங்க. மத்தவங்களைக் கூப்பிடத் திரும்ப வெளிய போனானாம்.

நாலு பேர் போயிட்டாங்க. மேஸ்திரியும் ரேடியோவும் சேத்து.

உங்க கம்பெனிலேர்ந்தும் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்தும் வந்து அந்தப் பெட்டியைப் பிரிச்சுப் பாத்தாங்க. அஞ்சாவது தடவை விளக்கை அணைச்சது ரயில்தான். விளக்கு அன்னைக்குச் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. அப்படியே எழுதிக்கிட்டாங்க. அதனால பெட்டியை மாத்தப் போறதில்லையாம்.

நாளையிலேர்ந்து என்னைத் திரும்பக் குகைக்குப் போகச் சொல்லியிருக்காங்க. போறேன்.

அக்கா